மூன்று நாள் வளரட்டும்

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ, மாமா, பாப்பா மூவரும் நலமா? பள்ளி வேனுக்குப் புது இருக்கை போட்ட பிறகு மாமாவின் முதுகுவலி குறைந்ததா? பாப்பாவின் ஆடும் பல் விழுந்ததா, இன்னும் நாக்கால் தள்ளிக்கொண்டிருக்கிறாளா?

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள், அதுவும் தையல் கடை முகவரிக்கு என்று நினைப்பாய். உன் போனில் ஸ்பீக்கர் போட்டால்தான் குரல் கேட்கிறது. நான் "அக்கா" என்று ஆரம்பிப்பதற்குள் பாப்பா பிடுங்கி, "சித்தி, எனக்கு என்ன வாங்கி வச்சிருக்க?" என்கிறாள். மாமா எங்கிருந்தோ "சாப்ட்டியாம்மா?" என்று கத்துகிறார். இது அப்படிக் கத்திப் பேசுகிற விஷயம் இல்லை.

என் தாடையில் முடி இருப்பது உனக்குத் தெரியும். ஆனால் நாம் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. நம் வீட்டில் அதற்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. கல்லூரியில் பாடம் நடத்தக் கிடைத்த வேலையை விட்டுவிட்டு இந்தத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு ஏன் வந்தேன் என்று அப்பா இன்றும் கேட்கிறார். இங்கே எட்டு மணி நேரமும் முகக்கவசம் போட்டிருக்கலாம். வேறு காரணம் எதுவும் இல்லை. நம் குடும்பத்திலேயே முதல் பட்டதாரி, படித்த படிப்பை எல்லாம் தாடையை மூடத்தான் பயன்படுத்தினேன்.

போன மாதம் துணிந்து தோல் டாக்டரிடம் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்து ஹார்மோன் ஏறுமாறாக இருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார். "ஏற்கெனவே தடிச்சுப்போன முடி மாத்திரைக்குப் போகாதும்மா. ஒவ்வொரு வேரா கரண்ட் வச்சுச் சுடணும்" என்று சொல்லி ஓர் அம்மாவின் முகவரி எழுதித் தந்தார். இதற்கு எலெக்ட்ராலிசிஸ் என்று பெயர்.

சாவி செய்யும் கடைக்கு மேலே, மாடியில் ஒற்றை அறை. ஒரு கட்டில், பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கு, ரேடியோ அளவுக்கு ஒரு பெட்டி. அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். நான் மனசுக்குள் ஊசியம்மா என்று பெயர் வைத்துவிட்டேன். முடியைவிட மெல்லிய கம்பி ஒன்றைப் புது உறையிலிருந்து பிரித்து எடுத்தார். முடி முளைக்கிற துளைக்குள்ளேயே அதை இறக்கி, காலால் ஒரு பலகையை மிதித்தார். சுருக்கென்றது. அப்புறம் இடுக்கியால் தொட்டதும் முடி இழுக்காமலே வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. முதல் நாள் பதினைந்து நிமிஷம்தான், தோல் எப்படித் தாங்குகிறது என்று பார்க்க.

"எத்தனை வருஷமா மறைக்கிறே?" என்று கேட்டார். "பத்து" என்றேன். "என்கிட்ட வர்றதுல நீதான் சின்னவ" என்று சொல்லிவிட்டு அடுத்த முடிக்குப் போய்விட்டார்.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. உன்னைத் தவிர எனக்கு யார்? மாமாவுக்கு என் அன்பையும் பாப்பாவுக்கு முத்தத்தையும் சொல்.

உன் தங்கை


மார்ச் 2

எங்கள் பட்டதாரிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ உடம்பைப் பார்த்துக்கொள். கடிதம் கிடைத்து மூன்று வாரம் ஆகிறது. கடையில் ஜிப் தைக்கும் மெஷின் பழுது. முதலாளியம்மா எல்லோர் மேலும் எரிந்து விழுகிறார். பாப்பாவின் பல் விழுந்துவிட்டது. பள்ளியிலேயே தொலைத்துவிட்டு வந்து ஒரு மணி நேரம் அழுதாள். மாமாவின் முதுகு பரவாயில்லை.

நீ எழுதியதைப் படித்தேன். நல்லபடி முடியட்டும்.

ஒன்று கேட்க வேண்டும். நம் கடைக்கு வரும் ஒரு பெண்ணுக்கும் இந்தத் தொல்லை இருக்கிறதாம். பேச்சுவாக்கில் சொன்னாள். உன் பெயரைச் சொல்லாமல், எனக்குத் தெரிந்த ஒருத்தி இப்படி ஒரு வைத்தியம் பார்க்கிறாள் என்றேன். உடனே பிடித்துக்கொண்டாள். வலிக்குமா, தழும்பு விழுமா, ஒன்றைச் சுட்டால் ஒன்பதாக முளைக்குமா, எத்தனை முறை போக வேண்டும் என்று கேட்கச் சொன்னாள். நேரம் கிடைத்தால் எழுது. அவசரம் இல்லை.

அக்கா

பி.கு.: அவளுக்கு வயது முப்பத்தாறு. இந்த வயதுக்கு மேல் செய்யலாமா என்றும் கேட்டாள்.


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதினால் பள்ளிக்கூடக் கடிதம் மாதிரி இருக்கும். நேற்று ஒரு சளி பிடித்தது, இன்று போய்விட்டது. அதற்கு மேல் குறையில்லை. மெஷின் சரியானதா?

உன் கடைக்கு வரும் அந்த அம்மாவுக்குப் பதில். முப்பத்தாறு ஒரு வயதே இல்லை. போன வாரம் எனக்கு முன்னால் படுத்திருந்தவருக்கு அறுபத்திரண்டு. "பேரன் முகத்தை இழுத்து வச்சு முத்தம் கொடுக்கணும், அதுக்குத்தான்" என்றார்.

வலி இருக்கும். பொய் சொல்ல மாட்டேன். தாடையில் தாங்கலாம். மேலுதட்டில், மூக்குக்குக் கீழே குத்தினால் கண்ணில் தானாகத் தண்ணீர் வரும். மரத்துப்போகும் களிம்பு இருக்கிறது. முன்கூட்டியே தடவிக்கொண்டு போனால் பாதி வலிதான். முடிந்ததும் அந்த இடம் சிவந்து தடிக்கும். சில மணி நேரத்தில் அடங்கிவிடும், சிலருக்கு ஓரிரு நாள் ஆகும். பிறகு கடுகைவிடச் சின்னப் பொருக்கு கட்டும். அதைக் கிள்ளவே கூடாது. நான் ஒன்றைக் கிள்ளினேன், அது கறுத்த புள்ளியாக நின்றுவிட்டது, மங்க மூன்று மாதம் ஆகுமாம். கைப்பழக்கம் இல்லாதவர்கள் செய்தால் தழும்பு விழும், அதனால் ஆள் பார்த்துப் போக வேண்டும். ஒன்பதாக முளைக்காது. செத்த வேர் செத்ததுதான்.

ஆனால் ஒரே நாளில் முடியாது. எல்லா முடியும் ஒரே சமயத்தில் வெளியே வந்து நிற்பதில்லையாம். சில வேர்கள் மாதக்கணக்கில் உள்ளே உறங்கும், எழுந்து வரும்போதுதான் பிடிக்க முடியும். ஒரு வேருக்கே இரண்டு மூன்று முறை சூடு தேவைப்படலாம். முதலில் வாரம் ஒரு முறை, அப்புறம் இரண்டு வாரம், அப்புறம் மாதம். மொத்தம் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்.

ஊசியம்மாவின் சட்டம் இரண்டு. ஒன்று, இனி நூல், மெழுகு, இடுக்கி எதுவும் தொடக் கூடாது. பிடுங்கினால் வேரைக் காட்டும் வழி போய்விடும். இடையில் வெட்டலாம், சவரம் செய்யலாம். இரண்டாவது, போவதற்கு முன் மூன்று நாள் எதுவும் செய்யாமல் வளரவிட வேண்டும். இடுக்கி பிடிக்க அவ்வளவு நீளம் வேண்டும். "மூணு நாள் வளரட்டும். அதுதான் ஊசியைவிட வலிக்கும்" என்றார். உண்மை அக்கா.

அந்த அம்மா வேறு எது கேட்டாலும் தயங்காமல் எழுதச் சொல்.

தங்கை


மார்ச் 24

பட்டதாரிக்கு,

சுகம். மெஷின் சரியாகிவிட்டது, முதலாளியம்மா சரியாகவில்லை.

நீ எழுதியதை அவளிடம் வரிக்கு வரி சொன்னேன். கேட்டுக்கொண்டாள். அவள் பிளேடு போடுகிறவள். நூலெல்லாம் இல்லை. சவரம் செய்தால் முள்ளாகிவிடும் என்கிறார்களே, அதனால் வேர் தடித்திருக்குமா என்று கவலைப்படுகிறாள்.

அவளுக்கு அந்த மூன்று நாள்தான் நடக்காத காரியம். வீட்டில் கணவர் இருக்கிறார். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். அவருக்குத் தெரியாது. தினமும் காலையில் நாலே முக்காலுக்கு, அவர் எழுவதற்கு முன்னால் குளியலறைக்குப் போய் விளக்கைப் போடாமல், ஜன்னல் வெளிச்சத்தில் முடித்துவிடுவாளாம். கதவுக் கீலுக்குத் தையல் மெஷின் எண்ணெய் விட்டு வைத்திருக்கிறாள், சத்தம் வரக் கூடாது என்று. காய்ச்சல் அடித்த நாளிலும் எழுந்திருக்கிறாள். குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரியில் மூன்று நாள், போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு கிடந்தாளாம். ஒரு நாள்கூட யார் வீட்டிலும் தங்கியதில்லை. பதினோரு வருஷமாக ஐந்து மணிக்கு மேல் தூங்கினதில்லை.

அப்படிப்பட்டவளை மூன்று நாள் வளர்த்துக்கொண்டு வா என்றால் எப்படி? ஊசியம்மாவிடம் வேறு வழி இருக்கிறதா என்று கேள். ஒரு நாள் போதாதா?

மாமா உன்னை விசாரித்தார். பாப்பா ஒரு படம் வரைந்திருக்கிறாள், உள்ளே வைத்திருக்கிறேன். அது நீயாம்.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பாப்பாவின் படத்தை அறைச் சுவரில் ஒட்டிவிட்டேன். எனக்கு ஏழு விரல் போட்டிருக்கிறாள்.

சவரத்தால் முடி தடிக்காதாம். நுனி மொட்டையாக இருப்பதால் முள் மாதிரி தெரிகிறது, வேருக்கும் பிளேடுக்கும் சம்பந்தமே இல்லை என்கிறார் ஊசியம்மா. அந்த அம்மா தன்னால்தான் இப்படி ஆனது என்று ஒரு நாளும் நினைக்க வேண்டாம் என்று சொல். முதலில் டாக்டரிடம் ரத்தம் பார்த்துக்கொள்வது நல்லது என்றும் சொல்.

ஒரு நாள் போதாது. நானே ஒரு தப்பு செய்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். போன வாரம் எங்கள் கூடத்தைச் சோதிக்க மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். கூட நின்று படம் எடுப்பார்கள், முகக்கவசத்தைக் கழற்றச் சொல்வார்கள் என்று பயந்து, முந்தின நாள் இடுக்கியால் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டேன். படமே எடுக்கவில்லை. மறுநாள் ஊசியம்மா விளக்கைத் தாழ்த்திப் பார்த்துவிட்டு, "அறுவடை முடிச்சுட்டு வயலைக் காட்ட வந்தியா?" என்று கேட்டார். "எழுந்திரு. அடுத்த மாசம் வா." அவ்வளவுதான். மாடிப்படி இறங்கும்போது அழுகையாக வந்தது. சாவி செய்கிறவர் என்னைப் பார்த்து, "ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டார். ஊசி படவே இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?

அதனால் சொல்கிறேன். அந்த அம்மா மூன்று நாள் இங்கே வந்து தங்கலாம். என் அறையில் இரண்டு பேர் படுக்க இடம் இருக்கிறது. எனக்கு முன்பின் பழக்கமில்லாதவர் என்று கூச்சப்பட வேண்டாம் என்று சொல். நன்றாகவே பழகிக்கொள்வோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அன்புடன்,
தங்கை


ஜூன் 11

தங்கைக்கு,

எல்லோரும் நலம். பள்ளி திறக்கும் நேரம், சீருடை வேலை தலைக்கு மேல். அதனால்தான் எழுதவில்லை.

அந்தப் பெண் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாள். இத்தனை வருஷம் ஓடியது இனியும் ஓடும் என்கிறாள். கடைக்கும் அவ்வளவாக வருவதில்லை. இனி அதைப் பற்றி எழுத வேண்டாம்.

இங்கே நல்ல மழை.

அக்கா


ஜூன் 17

அன்புள்ள அக்காவுக்கு,

மழையில் உனக்குச் சளி பிடிக்காமல் இருக்கட்டும். மாமா ஈரச் சாலையில் பார்த்து ஓட்டட்டும்.

நீ சொன்னபடி அந்த அம்மாவைப் பற்றி எழுதவில்லை. என்னைப் பற்றி எழுதுகிறேன். மார்ச்சில் ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் படுத்திருந்தவள் இப்போது இருபத்தைந்து நிமிஷத்தில் எழுந்துவிடுகிறேன். இடது பக்கம் கிட்டத்தட்ட முடிந்தது. போன வெள்ளிக்கிழமை தேநீர் இடைவேளையில் முகக்கவசத்தை இறக்கிவிட்டு, எல்லோரோடும் உட்கார்ந்து டீ குடித்தேன். இரண்டு வருஷமாகச் சுவரைப் பார்த்துக் குடித்தவள். கூட வேலை செய்கிறவள் என்னைப் பார்த்து, "உனக்குக் கன்னத்துல குழி விழுமா? சொல்லவே இல்ல?" என்றாள். வேறு எதையும் பார்க்கவில்லை அவள். அன்றைக்கு எனக்கு இரண்டு நாள் முடி இருந்தது.

இன்னொன்று. நீ கல்யாணமாகிப் போனபோது எனக்குப் பதினான்கு. அடுத்த வருஷம் அறைக்கு வெள்ளையடிக்கப் பொருள்களை நகர்த்தினோம். ஜன்னல் சட்டத்துக்குப் பின்னால் காகிதத்தில் சுற்றிய ஒரு இடுக்கி இருந்தது. நுனி தேய்ந்து போயிருந்தது. அந்த வருஷம்தான் எனக்கு முளைக்கத் தொடங்கியது. அழுதுகொண்டிருந்தேன். அதைப் பார்த்ததும் அழுகை நின்றுவிட்டது. நம் வீட்டில் நான் மட்டும் இல்லை என்று தெரிந்துவிட்டது அல்லவா? அந்த இடுக்கியைப் பல வருஷம் நான்தான் வைத்திருந்தேன். நன்றி சொல்லவே இல்லை. இப்போது சொல்கிறேன்.

பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

உன் தங்கை


ஜூலை 3

என் தங்கச்சிக்கு,

நலம். உன் கடிதத்தைக் கடையில் படிக்க முடியவில்லை. பொத்தான் டப்பா எடுக்கிற மாதிரி பின்கட்டுக்குப் போய்ப் படித்தேன். முதலாளியம்மா, "என்னாச்சு, கண்ணெல்லாம் செவந்திருக்கு?" என்றார். நூல் தூசி என்றேன்.

அந்தக் கடைக்கு வரும் பெண்ணின் சங்கதி உனக்கு முதல் கடிதத்திலேயே தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டே அவளுக்குப் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினாயே! படித்தவள் படித்தவள்தான். நான் சிரிக்கவா, உன் காதைத் திருகவா என்று தெரியாமல் இருக்கிறேன்.

நீ அங்கே வந்து தங்கச் சொன்னபோது பயந்துவிட்டேன். கேள்வி கேட்கிறவரை வேறு யாருடைய கதையோ போல இருந்தது. படுக்கை போட்டு வா என்றதும் கதை என் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. அதனால்தான் அப்படி வெடுக்கென்று எழுதினேன்.

வருகிறேன். பன்னிரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமைக்கு ஊசியம்மாவிடம் நேரம் கேள். இங்கே டாக்டரிடம் போய் ரத்தம் பார்த்துவிட்டேன், உன்னைப் போலவேதான். மூன்று நாள் அங்கே வந்து தங்கினால் பாப்பாவைக் குளிப்பாட்டிப் பள்ளிக்குக் கிளப்ப ஆள் இல்லை, மாமா அதற்கு முன்பே வேனை எடுத்துவிடுவார். அதனால் இங்கேயே வளரவிட்டு ஞாயிறு காலை பஸ் ஏறுகிறேன். மாமாவுக்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். பல்வலி. வியாழக்கிழமையிலிருந்து தாடையைச் சுற்றித் துணி கட்டிக்கொள்வேன். தலையில் முடிச்சுப் போட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. உன்னைப் பார்க்க வருவதாகவும், அங்கேயே நல்ல பல் டாக்டரைப் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லிவிடுவேன். எப்படி என் மூளை? எட்டாவது படித்தவளுக்கு இது போதாதா?

மாமா என்னை அருவருப்பாகப் பார்க்கும் ஒரு பார்வையைப் பதினோரு வருஷமாகக் கற்பனையில் பார்த்துப் பழகிவிட்டேன். நேரில் பார்க்க மட்டும் முடியாது.

அக்கா


ஜூலை 8

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. நேரம் கிடைத்துவிட்டது, ஞாயிறு பதினொரு மணி. உன் கடிதம் இன்றுதான் வந்தது. பல்வலி மட்டும் வேண்டாம்! மாமாவைப் பற்றி யோசித்தாயா? பாப்பாவுக்கு ஒரு தும்மல் வந்தாலே ஆஸ்பத்திரி வாசலில் வேனை நிறுத்துகிறவர். நீ துணி கட்டினால் ஞாயிறுவரை பொறுப்பாரா? தொண்டை கரகரப்பு என்று சால்வை சுற்றிக்கொள். போனில் சொல்லலாம் என்றால் ஸ்பீக்கர். இது வியாழனுக்குள் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தபாலில் போடுகிறேன்.

தங்கை


ஜூலை 13

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமையே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. நான் இப்போது நலம். அந்த வார்த்தையை முதல் முறையாக யோசித்து எழுதுகிறேன்.

ஞாயிறு நீ போன் செய்தபோது மாமா, "உங்க அக்காவுக்கு நிஜமாவே வீங்கிடுச்சும்மா, அடுத்த வாரம் அனுப்புறேன்" என்றாரே, அந்த "நிஜமாவே"யைக் கவனித்தாயா? முழுக்கதையும் கேள்.

வியாழக்கிழமை துணி கட்டினேன். அன்று முழுக்க அவர் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். உப்புத் தண்ணீர் கொடுத்தார். வெள்ளிக்கிழமை காலை பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு நேரே கடை வாசலில் வேனை நிறுத்தி, "ஏறு. டாக்டர்கிட்ட சொல்லி வச்சுட்டேன்" என்றார். சரியாப்போச்சு, பரவாயில்ல என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். முதலாளியம்மாவே கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். நாற்காலியில் சாய்த்து, முகத்துக்கு நேரே விளக்கை இழுத்தார். எனக்கு உயிரே போய்விட்டது. "துணிய எடுத்துடுங்கம்மா" என்றார். நான் இரண்டு கையாலும் முடிச்சைப் பிடித்துக்கொண்டேன். "எடுத்தாத்தானே வீக்கம் தெரியும்?" என்று கையை நீட்டினார்.

வாசல் பக்கத்தில் நின்ற மாமா சட்டென்று முன்னால் வந்தார். "வேணாம் டாக்டர். துணி இருக்கட்டும்."

"துணியோட எப்படிங்க பார்க்கிறது?"

"பல்லு வாய்க்குள்ளதானே இருக்கு? வாயை மட்டும் திறந்தா பத்தாதா?"

"சார், தாடையைத் தொட்டுப் பார்க்கணும்."

"துணி மேலயே தொடுங்க. அவளுக்குக் கூச்சம். நான் சொல்றேன்ல, இருக்கட்டும்."

அவர் யாரிடமும் குரலை உயர்த்துகிறவர் இல்லை, உனக்கே தெரியும். வேனில் பிள்ளைகள் எத்தனை ஆட்டம் போட்டாலும் கண்ணாடியில் பார்த்துச் சிரிக்கிறவர். அன்றைக்கு என் தலைக்குப் பக்கத்தில் காவல்காரர் மாதிரி நின்றார். நான் வாயைத் திறந்தபடி அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

வேடிக்கையைக் கேள். பொய்ப் பல்வலிக்கு உள்ளே நிஜமாகவே ஒரு சொத்தை இருந்தது! கடைசிப் பல். பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்று பிடுங்கிவிட்டார். வெளியே வரும்போது துணிக்கு உள்ளே கன்னம் உண்மையாகவே உப்பிவிட்டது.

வேனில் ஏறி உட்கார்ந்தோம். அவர் சாவியைப் போடவில்லை. பின்னால் பிள்ளைகள் இல்லாத இருக்கைகள், கீழே யாரோ விட்டுப்போன ஒரு தண்ணீர்ப் பாட்டில். மரத்துப்போன வாயோடு நான் கேட்டேன். "ஏன் அப்படிச் சொன்னீங்க?"

ரொம்ப நேரம் ஸ்டியரிங்கைத் துடைத்தார். "தெரியும்" என்றார்.

"எப்பலேர்ந்து?"

"கல்யாணமாகி மூணாவது மாசம்."

"பதினோரு வருஷமாவா? ஏன் சொல்லல?"

"நீ அவ்வளவு பாடுபட்டு மறைக்கிறே. தெரியும்னு சொன்னா நீ பட்டதெல்லாம் வீணாயிடுமேன்னு நினைச்சேன். நீயா சொல்லுவேன்னு பார்த்தேன். அப்புறம் அப்படியே பழகிடுச்சு." கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு, "தினமும் நீ எழுந்திருக்கும்போதே எனக்கு முழிப்பு வந்துடும். நீ கதவைத் திறக்கிறவரைக்கும் கண்ணை மூடிட்டுக் கிடப்பேன். பாத்ரூம் போகணும்னு முட்டும் பாரு... வண்டி ஓட்டுறவன்கிறதால அடக்கிப் பழக்கம், இல்லேன்னா தாங்கியிருக்க மாட்டேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல் பிடுங்கிய வாயால் சிரித்தால் என்ன வலி வலிக்கும் என்று உனக்குத் தெரியாது. சிரித்துக்கொண்டே அழுதேன். அப்புறம் கோபம் வந்தது. இரண்டு பேரும் விழித்துக்கொண்டு ஒரே வீட்டில் பதினோரு வருஷம் இப்படியா இருப்போம்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தூங்கியிருப்பேனே! அன்று மாலைவரை அவரிடம் பேசவில்லை. அவர் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பிறகு நானே போய் துணியை அவிழ்த்து எதிரில் உட்கார்ந்தேன். இரண்டு நாள் முடி, உப்பிய கன்னம், எப்படி இருந்திருப்பேன் யோசித்துப் பார். அவர் பார்த்தார். நான் கற்பனையில் பார்த்த பார்வை இல்லை. "டாக்டர் ஐஸ் வைக்கச் சொன்னாரே, வச்சியா?" என்றார்.

வீக்கம் வடியும்வரை கன்னத்தில் எதுவும் படக் கூடாது என்று பல் டாக்டர் சொன்னார். ஊசியம்மாவிடம் வேறு நாள் வாங்கு. மாமாவே வேனில் கூட்டி வருகிறாராம். பாப்பாவும் வருவாள், உனக்கு ஏழு விரல் இருக்கிறதா என்று எண்ண வேண்டுமாம்.

அக்கா


ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

பல் பிடுங்கிய இடம் ஆறியிருக்கும் என்று நினைக்கிறேன். உன் கடிதத்தைப் பஸ் நிறுத்தத்தில் நின்று படித்து இரண்டு பஸ்ஸைத் தவறவிட்டேன். மாமாவிடம் ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் மரியாதை என்று தோன்றுகிறது. அவருக்கே அதுதான் பழக்கம்.

இருபத்தாறாம் தேதி, பத்து மணி. மரத்துப்போகும் களிம்பு வாங்கி வைத்துவிட்டேன். அன்று வெயிலில் அலையக் கூடாது, வெந்நீரில் முகம் கழுவக் கூடாது. இங்கேயே தங்கிவிட்டு மறுநாள் போங்கள். ஊசியம்மாவிடம் நீ என் அக்கா என்று சொன்னேன். "ரெண்டு பேர் முகமும் ஒரே வயலா? நல்லது, மண்ணு தெரிஞ்ச மண்ணு" என்றார்.

தங்கை


ஆகஸ்ட் 10

அன்புள்ள தங்கச்சிக்கு,

இங்கே மூவரும் நலம். உன் இடது பக்கம் முழுசாக முடிந்ததா?

இரண்டாவது முறையும் போய் வந்துவிட்டேன். முதல் முறை கட்டிலில் படுத்தபோது உன் கையை நசுக்கிவிட்டேன், இந்த முறை என் புடவையைத்தான் நசுக்கினேன். சிவப்பு ஒரு நாளில் அடங்கியது. பொருக்கைத் தொடவே இல்லை. மேலுதட்டு ஓரத்தில் இருக்கும் நாலு முடிக்கு நீ சொன்னது அப்படியே, கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆனால் ஒவ்வொரு முடியாகப் போகிறது என்று நினைக்கும்போது ஒரு நிம்மதி. ஊசியம்மா எனக்கு ஒன்றரை வருஷம் ஆகும் என்கிறார். ஆகட்டும். எனக்கு என்ன அவசரம்?

அந்த மூன்று நாளும் கடைக்கு அப்படியேதான் போகிறேன். இரண்டு பேர் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் மூன்றாம் நாள் துணி அளக்கும்போது தணிந்த குரலில், "அக்கா, எங்க போறீங்க?" என்று கேட்டாள். முகவரி எழுதிக் கொடுத்தேன். நிஜமாகவே கடைக்கு வருகிற பெண்தான், நம்பு.

இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நேற்று ஞாயிறு. கண்ணைத் திறந்தபோது அறை முழுக்க வெயில். மணி ஏழே கால். எங்கேயோ ஏதோ விட்டுப்போய்விட்டது என்று பதறி எழுந்து குளியலறைக்கு ஓடினேன். கதவு சாத்தியிருந்தது. தட்டினேன்.

"யாரது?" என்றார் உள்ளேயிருந்து.

"நான்தான். சீக்கிரம் வாங்க."

"முடியாது. பதினோரு வருஷம் நான் நின்னேன். இப்ப நீ நில்லு."

நின்றேன். பாப்பாவும் பல் துலக்கும் குச்சியோடு வந்து எனக்குப் பின்னால் நின்றாள்.

அன்புடன்,
உன் அக்கா